மெல்லிய மின்காப்பு அடுக்கு (அச்சுச் சுற்றுப் பலகை)

மெல்லிய மின்காப்பு அடுக்கு என்பது பல்லடுக்கு அச்சுச் சுற்றுப் பலகையில் அடுத்தடுத்துள்ள இரண்டு செப்புத் தளங்களை மிகக் குறைந்த இடைவெளியில் பிரித்து வைக்கும் காப்புப் படலம் ஆகும். வழக்கமான பலகைகளில் இவ்விடைவெளி 100 முதல் பல நூறு மைக்ரோமீட்டர் வரை இருக்கும். 50 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவானவையும் பொதுவாக மெல்லியவை எனக் கொள்ளப்படுகின்றன. ஒரு தளம் மின்வழங்கலுக்கும் மற்றொன்று நிலத்துக்கும் (சுழி மின்னழுத்தம்) ஒதுக்கப்படும்போது, அவ்விணை முழுவதும் பலகைக்குள் புதைந்த ஓர் இணைத்தட்டு மின்தேக்கியாகச் செயற்படுகிறது. எனவே இம்முறை புதைநிலை மின்தேக்கி எனவும் அழைக்கப்படுகிறது.

தேவை

எண்ணிமச் சில்லு ஒன்றில் ஏராளமான டிரான்சிஸ்டர்கள் ஒரே கணத்தில் நிலை மாறும்போது, அது ஒரு நானோநொடிக்கும் குறைவான நேரத்தில் கூடுதல் மின்னோட்டத்தைக் கோருகிறது. தொலைவிலுள்ள மின்வழங்கியால் அவ்வளவு விரைவாக ஈடுகொடுக்க இயலாது. மின்னழுத்தம் ஒரு கணம் சரிகிறது. சரிவு மிகுந்தால் சில்லு பிழையாக இயங்கும். அதே அலைவு பலகையின் விளிம்புகள் வழியாகக் கதிர்வீச்சாக வெளியேறி அருகிலுள்ள கருவிகளிலும் குறுக்கிடும்.

இதற்கு வழக்கமான தீர்வு, சில்லின் அருகே சிறிய பீங்கான் மின்தேக்கிகளை வைப்பதாகும். ஆயினும் மின்தேக்கியின் உடலும், அதன் பற்றவைப்புத் திண்டுகளும், தளங்களுக்கு இறங்கும் இணைப்புத் துளைகளும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு நானோஹென்றி தூண்டத்தை (மின்தூண்டல் எண்) உண்டாக்குகின்றன. 100 நானோபாரட் மின்தேக்கியுடன் இத்தூண்டம் 16 மெகாஹெர்ட்சு அளவில் ஒத்ததிர்வு அடைகிறது. அதற்கு மேல் அவ்வுறுப்பு மின்தேக்கியாகவன்றித் தூண்டியாகவே நடந்துகொள்ளும். 500 மெகாஹெர்ட்சில் அதன் மின்மறுப்பு 3 ஓமுக்கும் அதிகம்.

இயற்பியல் அடிப்படை

இணைத்தட்டு மின்தேக்கியின் மின்தேக்குத்திறன், தட்டுகளின் பரப்புக்கு நேர்விகிதத்திலும் இடைவெளிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். எஃப்.ஆர்-4 எனப்படும் கண்ணாடியிழை-எப்பாக்சிப் பொருளின் மின்காப்பு மாறிலி சுமார் 4.2. அதனால் ஆன 50 மைக்ரோமீட்டர் அடுக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 74 பிக்கோபாரட் தரும். 10 செ.மீ. அகலமும் 15 செ.மீ. நீளமும் கொண்ட பலகை முழுவதற்கும் இது சுமார் 11 நானோபாரட். விலை மலிந்த ஒற்றை 100 நானோபாரட் மின்தேக்கி இதனினும் ஒன்பது மடங்கு பெரியது. எனவே மெல்லிய அடுக்கின் பயன் அதிக மின்னூட்டத்தைச் சேமிப்பதில் உள்ளது என்னும் பரவலான எண்ணம் எஃப்.ஆர்-4 போன்ற பொருள்களைப் பொறுத்தவரை சரியன்று.

உண்மையான பயன் தூண்டம் குறைவதில் உள்ளது. இரு தளங்களினூடே எதிரெதிர்த் திசைகளில் மின்னோட்டம் பாயும்போது அவற்றின் காந்தப்புலம் இடைவெளிக்குள் மட்டுமே தங்குகிறது. ஆகவே ஒரு சதுரத்துக்கான தூண்டம் இடைவெளியை மட்டுமே சார்ந்தது. சதுரம் சிறிதா பெரிதா என்பது பொருட்டன்று. 250 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அது சுமார் 314 பிக்கோஹென்றி. 50 மைக்ரோமீட்டரில் 63. 25 மைக்ரோமீட்டரில் 31. மேற்கூறிய மின்தேக்கியின் ஒரு நானோஹென்றியுடன் இவ்வெண்களை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். காப்புப் பொருளின் மாறிலியை உயர்த்தினாலும் இவை மாறுவதில்லை. இடைவெளியைச் சுருக்குவதே வழி.

இரண்டாவது பயன் அதிகம் பேசப்படுவதில்லை. இரு தளங்களும் சேர்ந்து ஒரு குழிவு போல இயங்கி, சில அதிர்வெண்களில் ஒத்ததிர்வு அடைகின்றன. 20 செ.மீ. நீளப் பலகையில் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 370 மெகாஹெர்ட்சில் நிகழும். அடுக்கை மெல்லியதாக்குவதால் இவ்வதிர்வெண் பெரிதும் மாறாது. அதன் கூர்மையே மழுங்குகிறது. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சில மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பாய்கிறது. 370 மெகாஹெர்ட்சில் அவ்வாழம் சுமார் 3.4 மைக்ரோமீட்டர். செம்பின் இழப்பை மட்டும் கருதினால் ஒத்ததிர்வின் தரக்காரணி, இடைவெளியை இவ்வாழத்தால் வகுக்கக் கிடைப்பதாகும். 250 மைக்ரோமீட்டரில் 70-ஐத் தாண்டும் அம்மதிப்பு, 25 மைக்ரோமீட்டரில் 7 அளவுக்குக் குறைகிறது. தடித்த அடுக்கில் மணியைப் போல ஒலித்துக்கொண்டிருக்கும் பலகை, மெல்லிய அடுக்கில் தானே தணிந்துவிடுகிறது.

வரம்புகள்

இப்பயன் சில்லைச் சென்றடைய, தள இணை பலகையின் மேற்பரப்பை ஒட்டி அமைய வேண்டும். 1.6 மி.மீ. பலகையின் நடுவில் புதைத்தால் சில்லிலிருந்து 0.8 மி.மீ. ஆழம் இறங்கும் துளைகளின் தூண்டமே மேலோங்கி, அடுக்குக்குச் செலவிட்ட பணம் வீணாகும். ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தால் பலகை வளையக்கூடும் என்பதால், மேலும் கீழும் சமச்சீராக இரு இணைகள் வைப்பது வழக்கம்.

சில்லின் உறைக்கும் தனித் தூண்டம் உண்டு. அதற்கு அப்பாலுள்ள மிக உயர் அதிர்வெண் தேவையைச் சில்லின் உள்ளும் உறையிலும் அமைந்த மின்தேக்கிகளே நிறைவு செய்ய இயலும். தாழ் அதிர்வெண்களுக்கு வேண்டிய பெரிய மின்தேக்கிகளையும் மெல்லிய அடுக்கு நீக்குவதில்லை. இடைப்பட்ட வீச்சில் தேவைப்படும் சிறு மின்தேக்கிகளின் எண்ணிக்கையையே குறைக்கிறது.

உற்பத்தி

சாதாரணக் கண்ணாடியிழைத் துணியைக் கொண்டு 50 மைக்ரோமீட்டர் வரை செல்வது எளிது. அதனினும் மெல்லியவற்றுக்கு மிக நுண்ணிய துணியோ, துணியற்ற பாலிமர்ப் படலமோ தேவை. துணி இல்லாத படலம் வலுக்குறைந்தது. செம்பை அரித்து நீக்கும்போது கிழியலாம். எனவே சிலவகைப் பொருள்களில் ஒரு பக்கச் செம்பை மட்டும் முதலில் அரித்து, வேறோர் அடுக்குடன் ஒட்டிய பின்னரே மறுபக்கத்தை அரிக்கின்றனர்.

பிசினுடன் நன்கு பற்றிக்கொள்வதற்காகச் செப்புத் தாளின் ஒரு பக்கம் சொரசொரப்பாக்கப்படுகிறது. அப்பற்கள் பல மைக்ரோமீட்டர் உயரம் இருக்கலாம். 250 மைக்ரோமீட்டரில் பொருட்படுத்தத் தகாத இவ்வளவு, 20 மைக்ரோமீட்டரில் இருபுறமிருந்தும் நீண்டு காப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே மழமழப்பான செப்புத் தாள் கட்டாயமாகிறது. ஒரு ஊசித்துளையோ உலோகத் துகளோ போதும், முழுப் பலகையும் குறுக்குச்சுற்றாகிப் பயனற்றுப் போகும். இதனால் ஒவ்வொரு தகடும், இயக்க மின்னழுத்தத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்த மின்னழுத்தத்தில் சோதிக்கப்படுகிறது.

வடிவமைப்பாளர் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. ஐ.பி.சி. தரநிலையின்படி, வரைபடத்தில் குறிப்பிடாவிடில் அடுக்குகளுக்கிடையே குறைந்தது 90 மைக்ரோமீட்டர் இடைவெளி கொள்ளப்படும். மெல்லிய அடுக்கை வேண்டுவோர் அதை வெளிப்படையாக எழுத வேண்டும்.

வரலாறும் பொருள்களும்

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சைகான் நிறுவனம் 50 மைக்ரோமீட்டர் எஃப்.ஆர்-4 அடுக்கைப் புதைநிலை மின்தேக்கியாக அறிமுகப்படுத்தியது. 1995இல் மிசௌரி-ரோலா பல்கலைக்கழகத்தின் டாட் ஊபிங்கும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, ஒன்றிரண்டு பக்கப் பலகைகளுக்கான மின்தேக்கி விதிகள் உள்தளங்கள் கொண்ட பல்லடுக்குப் பலகைகளுக்குப் பொருந்தா என எடுத்துக்காட்டியது. பின்னர் 3எம், டியுபான்ட், ஓக்-மிட்சுயி ஆகியவை 25 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான படலங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. பேரியம் டைட்டனேட்டுத் துகள் கலந்த எப்பாக்சிப் படலம் இவற்றுள் ஒன்று. மாறிலி 16-உம் தடிமன் 14 மைக்ரோமீட்டரும் உள்ள அத்தகைய படலம், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோபாரட் தருவதால், இங்கு மின்தேக்குத்திறனும் உண்மையிலேயே பயன்படத்தக்க அளவை எட்டுகிறது.

குறிகை அடுக்குகளில்

குறிகைத் தடங்களுக்கும் நிலத்தளத்துக்கும் இடையிலும் மெல்லிய அடுக்குகள் பயன்படுகின்றன. தளம் நெருங்கும்போது அண்டைத் தடங்களுக்கிடையேயான குறுக்குப்பேச்சு குறைகிறது. ஆனால் 50 ஓம் மின்மறுப்பைக் காக்க, வெளியடுக்குத் தடத்தின் அகலம் காப்பின் தடிமனைப் போல் சுமார் இரு மடங்கே இருக்க முடியும். 50 மைக்ரோமீட்டர் காப்பின் மேல் தடம் 100 மைக்ரோமீட்டருக்கும் சற்றுக் குறுகலாகிறது. அத்துடன் செம்பின் தடையால் குறிகை இழப்பு கூடுகிறது.