துண்டு விழாத குடும்பம்

வரவுக்கு மேல் செலவு சென்றுவிட்டால், "இந்த மாதம் துண்டு விழுந்துவிட்டது" என்று சொல்லுவது நம் இல்லங்களில் வழக்கம். துண்டு என்னும் அதே சொல், ஒரு காலத்தில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரின் கடன் சீட்டுக்கும் பெயராக இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், ஒரு கங்காணியின் கீழுள்ள ஆட்கள் பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோர்க்கு இவர்களை விட்டுக் கொடுக்கிறோம் என்று தோட்டத் துரை எழுதித் தந்த சீட்டே துண்டு எனப்பட்டது. வேறொரு தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களை அழைத்துக் கொள்ளும். தோட்டம் மாறும், கடன் மாறாது, பெரும்பாலும் வளரவே செய்யும். 1921 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தால் இம்முறை ஒழிந்தது.

கடல் கடந்த கதை நமக்கு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். நம் மலைகளின் கதையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 1877 இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பார் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். காடு திருத்தவும், பின்னர்த் தேயிலை பயிரிடவும் ஆட்கள் தேவைப்பட்டனர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக மலையேறினர். அவர்களை அழைத்து வந்தவர் கங்காணி. ஊரில் கடன் தீர்க்கவும், வழிச் செலவுக்கும் அவர் முன்பணம் கொடுத்தார். அம்முன்பணத்தைத் தோட்டம் அவருக்குக் கொடுத்தது. கூலி முழுவதையும் மாதந்தோறும் கையில் தரும் வழக்கம் அக்காலத்தில் பல தோட்டங்களில் இல்லை. வாரந்தோறும் செலவுக்காசு கிடைக்கும். நெடுநாள் கழித்தே கணக்குத் தீர்ப்பர். அரிசிக்கு இவ்வளவு, கம்பளிக்கு இவ்வளவு, முன்பணத்தில் மீதி இவ்வளவு என்று வாசிக்கக் கேட்டுத் தலையசைப்பதே எழுத்தறியாத தொழிலாளி செய்யக் கூடியதாக இருந்தது.

கங்காணிகள் எல்லோரும் கொடியவர்கள் என்று சொல்லுதல் நேர்மையாகாது. ஒரே ஊர்க்காரராய், நோயிலும் சாவிலும் துணை நின்றோரும் அவர்களுள் உண்டு. ஆயினும் நல்லவர் கையில் இருந்தாலும், தீயவர் கையில் இருந்தாலும், கணக்கு உழைத்தவன் கையில் இல்லை. தன் கடன் எவ்வளவு என்று தானே அறியாதவன் அதிலிருந்து மீளும் நாளையும் அறியமாட்டான். அக்காலச் சட்டமும் அவனுக்குத் துணை நிற்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1859 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, முன்பணம் வாங்கிவிட்டு ஒப்பிய வேலையைச் செய்யாதவனைச் சிறைக்கு அனுப்பவும் இடந்தந்தது. 1925 இல்தான் அதை நீக்க முடிவாயிற்று.

தோட்டத்தில் மட்டுமா இந்நிலை? 1929 இல் அமைக்கப்பெற்று 1931 இல் அறிக்கை தந்த விட்லி தொழிற் கமிஷன், ஆலைத் தொழிலாளரின் நிலையையும் ஆராய்ந்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரு பங்கினருக்குக் குறையாமல் கடன்பட்டிருந்தனர் என்றும், பலருக்குக் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்டது என்றும் அது கண்டது. ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி என்பது அன்று சாதாரணம். ஓரணா என்றவுடன் அற்பமாகத் தோன்றும். கணக்கிட்டால் நூறு ரூபாய்க்கு ஆண்டு வட்டி 75 ரூபாய்! கடனுக்குரிய காரணங்களில், விழாச் செலவுகளையும் சிறப்பாகத் திருமணச் செலவையுமே கமிஷன் முதலிடத்தில் வைத்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வரிசை நம் வீடுகளில் மாறிவிட்டதா என்பதை அவரவர் நெஞ்சே கூறட்டும்.

இனி, மீட்சி வந்த வழியை நோக்குவோம். சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி, ஜெர்மனி நாட்டுச் சிற்றூர்க் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895 இலும் 1897 இலும் அறிக்கைகள் வெளியிட்டார். அண்டை அயலார் ஒருவரையொருவர் அறிந்து, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்று, கணக்கைக் கூடிப் பார்ப்பதே அச்சங்கங்களின் உயிர்நாடி. 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலையும் தோன்றின. 1936 ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், சம்பளத்தைக் காலத்தில் கொடுக்கவும், மனம் போனபடி பிடித்தம் செய்யாதிருக்கவும் வகை செய்தது. இவையெல்லாம் வெவ்வேறு திசையிலிருந்து வந்தவை. எனினும் ஒரே காரியத்தைச் செய்தன. மறைவிலிருந்த கணக்கை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தன.

நம் கேரளத்தில் 1998 இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கமும் இதே நெறியைச் சார்ந்ததே. அயல்கூட்டம் என்ற பெயரில் பத்து முதல் இருபது வீட்டுப் பெண்கள் வாரந்தோறும் கூடி, சிறு தொகை சேமித்து, கடன் யாருக்கு என்பதைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றனர். மறுபுறம், மறைவில் வாங்கும் கடன் எங்கே கொண்டு விடும் என்பதற்கும் சான்று இங்கேயே உண்டு. "பிளேடு" என்று மக்கள் பெயரிட்டழைக்கும் கந்துவட்டிக்காரர்களின் கொடுமை பொறுக்கவொண்ணாமற் போனபடியால், 2014 இல் கேரளப் போலீஸார் "ஆபரேஷன் குபேரா" என்ற பெயரில் மாநிலமெங்கும் சோதனை நடத்த நேர்ந்தது.

நிற்க. இவ்வரலாற்றை நம் காலனிக்கு ஏன் நினைவூட்டுகிறேன்? சம்பளப் பட்டியல்களோடு பழகும் குமாஸ்தா என்ற முறையில், பிடித்தப் பத்தி நீண்டுகொண்டே போக, கையில் வரும் தொகை சுருங்குவதைக் காண்கிறேன். அப்பத்தியை வீட்டில் உள்ளோர் பலர் கண்டதே இல்லை. "கணக்கெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்று மனைவி மக்களை ஒதுக்கிவிட்டு, மாதக் கடைசியில் "யாருக்கும் சிக்கனம் தெரியவில்லை" என்று சினந்து கொள்ளுகிறோம். அப்பொழுது குடும்பத் தலைவர் தம் வீட்டுக்குள் ஒரு கங்காணியாகிறார். புத்தகம் அவர் கையில். தலையசைப்பது மற்றவர் வேலை. கைப்பேசியில் தவணைக்குப் பொருள் வாங்கும் தம்பியும், நகையை அடகு வைத்ததை மறைக்கும் அண்ணியும் அவரிடமிருந்தே அவ்வழக்கத்தைக் கற்றிருக்கலாம்.

ஆதலின் அறிவுரைக்கு முன் கணக்கு வரட்டும். சம்பளம் வந்த முதல் ஞாயிறன்று வீட்டிலுள்ளோர் யாவரும் ஒன்றாக அமர்க. வந்தது எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதைப் படிக்கும் பிள்ளையே உரக்க வாசிக்கட்டும். நாளொன்றுக்கு 50 ரூபாய் லாட்டரிச் சீட்டுக்குச் சென்றால் ஆண்டில் 18,250 ரூபாய் ஆகும் என்பதை அப்பா சொல்லிக் கேட்பதைவிட, மகனே கூட்டிப் பார்த்து அறிவது நன்று. முதலில் தம் செலவைத் தலைவரே சொல்லுக. அதன் பின்னர் மற்றவர் மறைக்க மாட்டார்கள். திருமணம் போன்ற பெருஞ்செலவை, மண்டபத்திற்கு முன்பணம் கட்டுவதற்கு முன் எல்லோரும் கூடிப் பேசுக.

சேமிப்பு இருக்குமிடத்தையும் வீட்டார் அறிதல் வேண்டும். 1960 இல் பாலை சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டபோது கேரளத்தில் எத்தனையோ குடும்பங்கள் கலங்கின. அதன் விளைவாகவே 1962 இல் வைப்புத் தொகைக்குக் காப்பீடு வந்தது. அன்று 1,500 ரூபாயாக இருந்த வரம்பு, 2020 முதல் ஒரு பாங்கில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாயாகியுள்ளது. ஆனால் இன்ன இடத்தில் பணம் உண்டு என்பதையே மனைவி அறியாவிடின் எந்தக் காப்பீடு அவளுக்கு உதவும்? பாஸ் புத்தகமும் வாரிசு நியமனமும் இருவரும் அறிந்தனவாக இருத்தல் வேண்டும்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் நமக்கு நிலையான வீடன்று. ஓய்வு பெற்றபின் சாவியைத் திருப்பித் தந்தாக வேண்டும். அந்நாளில் சொந்தக் கூரைக்குச் செல்கிறோமா, கடன்காரர் வாயிலுக்குச் செல்கிறோமா என்பது இன்று நம் வீட்டுக் கணக்குப் புத்தகம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நம் பாட்டன்மார்க்கு அப்புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கும் உரிமை இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. அதை வீட்டார் எல்லோருடனும் பகிர்ந்து கொள்வோமாக.