எட்டு வாரப் பயிற்சி, இரண்டு விசாக்கள்

வேலூரில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவியும் கோவையில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவரும் எட்டு வாரப் பயிற்சிக்காக அமெரிக்கா போக நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் சம்பளம் கிடையாது. முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆனாலும் மாணவி பி-1 என்னும் வணிக விசாவில் முறைப்படி போகலாம். பொறியியல் மாணவர் அதே விசாவில் போய் நிறுவனத்தின் அன்றாட வேலையில் கைவைத்தால் அது விதிமீறல். அவருக்குரிய விசா ஜே-1.

பி-1 அடிப்படையில் வியாபாரப் பேச்சு, ஒப்பந்தம், மாநாடு போன்றவற்றுக்கானது. அதற்குள் மருத்துவ மாணவர்களுக்கென ஒரு தனி இடம் இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில் படிப்பவர், அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் மருத்துவமனையில், ஆசிரிய மருத்துவர்களின் மேற்பார்வையில், சம்பளமில்லாமல், தன் படிப்பின் அங்கீகரிக்கப்பட்ட ஒரு பகுதியாகப் பயிற்சி பெறலாம். நம் மாணவர்கள் ‘எலக்டிவ்’ என்று சொல்வது இதைத்தான். இந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் சலுகை இல்லை. பட்டம் வாங்கி முடித்தவர் எலக்டிவ் என்று சொல்லிக்கொண்டு போக முடியாது. தெரிந்த டாக்டர் ஒருவர் தன் கிளினிக்குக்கு அழைத்தாலும் அது இதில் சேராது. ரெசிடென்சி என்னும் முதுநிலை மருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது அமெரிக்க மருத்துவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் பெரிதும் உதவும் என்பதால் எலக்டிவுக்குப் போட்டி அதிகம். அந்த அவசரத்தில்தான் பலர் இந்த நிபந்தனைகளைப் படிக்காமல் விடுகிறார்கள்.

பி-1 நடைமுறை சுருக்கமானது. டி.எஸ்.-160 படிவம், 185 டாலர் கட்டணம், கைரேகை, நேர்காணல், அவ்வளவுதான். பெரும்பாலும் பி-2 சுற்றுலா விசாவோடு சேர்த்து, இந்தியர்களுக்குப் பத்தாண்டு செல்லும்படியாகத் தருகிறார்கள். அந்தப் பத்தாண்டை நம்பி ஏமாறக் கூடாது. ஒவ்வொரு பயணத்திலும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலைய அதிகாரி ஐ-94 என்னும் வருகைப் பதிவில் குறிக்கும் தேதிதான் முடிவு செய்கிறது.

ஜே-1 வேறு வகை. 1961-ஆம் ஆண்டுப் பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தில் வேரூன்றியது. மாணவர் நேரே தூதரகத்துக்குப் போக முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஒரு ஸ்பான்சர் அமைப்பு முதலில் டி.எஸ்.-2019 படிவம் தர வேண்டும். அதற்கு முன் டி.எஸ்.-7002 என்ற பயிற்சித் திட்டம் தயாராக வேண்டும். என்ன கற்பார், யார் சொல்லித் தருவார், எப்படி மதிப்பிடுவார்கள் என்பதையெல்லாம் எழுதி மாணவர், நிறுவனம், ஸ்பான்சர் மூவரும் கையெழுத்திடுகிறார்கள். எழுத்தர் வேலை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கட்டணத்துக்கு மேல், செவிஸ் என்னும் மாணவர் பதிவு முறைக்கான கட்டணம் 220 டாலர். ஸ்பான்சர் வாங்குவது தனி. படித்துக்கொண்டிருப்பவரோ பட்டம் பெற்று 12 மாதம் கடக்காதவரோதான் ஜே-1-இன் இன்டெர்ன் பிரிவில் சேரலாம். பயிற்சி 12 மாதத்துக்குள் முடிய வேண்டும். நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் பயிற்சிக்கு இந்தப் பிரிவில் இடமில்லை என்பதால், மருத்துவ மாணவிக்கு இந்த வழி அடைத்தே இருக்கிறது.

இத்தனை காகிதத்தைப் பார்த்ததும் சில சிறு நிறுவனங்கள், ‘பிசினஸ் விசாவில் வந்துவிடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்கின்றன. இதற்கு மட்டும் இணங்கவே கூடாது என்பேன். பி-1-இல் போய் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்துக் கற்கலாம். நிறுவனத்துக்காக மென்பொருள் நிரல் எழுதினால் அது வேலை, சம்பளம் இல்லாவிட்டாலும் கேள்வி எழும். 2013-இல் பி-1 விசாக்களைத் தவறாகப் பயன்படுத்தியதான குற்றச்சாட்டில் இன்ஃபோசிஸ் 3.4 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. குற்றச்சாட்டை அது ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய நிறுவனத்திடம் பணமும் வழக்கறிஞர்களும் உண்டு. இருபது வயது மாணவரை விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பினால் ஐந்தாண்டு நுழைவுத் தடை வரலாம். பொய் சொல்லி விசா வாங்கியதாகத் தீர்மானித்தால் வரும் தடைக்குக் கால வரம்பே இல்லை.

என் மனம் ஜே-1 பக்கமே சாய்கிறது. அந்தக் காகிதச் சுமை மாணவருக்கும் ஒரு காப்பு. நிறுவனம் சொன்னதைக் கற்றுத் தராவிட்டால் முறையிட ஸ்பான்சர் இருக்கிறார். எலக்டிவுக்குப் போகும் மாணவிக்கு இரு கல்லூரிகளைத் தவிர அப்படி யாருமில்லை. அதனால் அவருடைய கடிதங்கள் திடமாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரியின் கடிதத்தில் துறை, தேதிகள், மேற்பார்வையாளர், சம்பளம் இல்லை என்ற உறுதி ஆகியவையும், சொந்தக் கல்லூரியின் கடிதத்தில் இது படிப்பின் பகுதி, இந்தத் தேதியில் திரும்பி வகுப்பில் சேர வேண்டும் என்பதும் வரவேண்டும். விமான நிலையத்தில் கேட்டால் ‘சுற்றுலா’ என்று சொல்லாமல், எந்த மருத்துவமனையில் எத்தனை வாரம் எலக்டிவ் என்பதை அப்படியே சொல்ல வேண்டும். பி-1, பி-2 ஒரே முத்திரையில் இருப்பதால், எந்தப் பிரிவில் உள்ளே விட்டார்கள் என்பதை ஐ-94 பதிவில் அன்றே சரிபார்த்துக்கொள்வது நல்லது.