போரி சாம்பலுக்கு என்ன வயசு?

இன்னைக்கு முதல்ல ஒரு திருத்தம். கற்காலம் பத்தின எபிசோட்ல, புனே மாவட்டத்துல போரிங்கிற ஊர்ல எரிமலைச் சாம்பலோட கிடைச்ச கைக்கோடரிகளுக்கு 14 லட்சம் வருஷ வயசுன்னு ரொம்பத் தெம்பா சொல்லிட்டேன். கேட்ட நண்பர் ஒருத்தர், "அந்தத் தேதி எப்படி வந்துச்சு?"ன்னார். எனக்குப் பதில் தெரியல.

சரி, தேடிப் பார்த்தேன். அந்தச் சாம்பல் சுமத்ராவில் இருக்கும் டோபாவிலிருந்து வந்தது. நிலத்தடியில் இருந்த மாக்மா பெருமளவு காலியானதும் மேற்கூரை உள்ளே சரிந்தது. இப்படி உண்டாகும் பள்ளத்துக்கு கால்டெரா என்று பெயர். 100 கிலோமீட்டர் நீள டோபா ஏரி அதில்தான் நிற்கிறது. ஆனால் டோபா ஒரு முறையோடு நிற்கவில்லை. சுமார் 7.9 லட்சம், 5 லட்சம், 74,000 ஆண்டுகளுக்கு முன்னால் என்று பெரிய வெடிப்புகள். போரியில் கிடப்பது இதில் எது?

1989-ல் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் வந்த விடை 14 லட்சம். நான் சொன்னது அதுதான். 1995-ல் 6.7 லட்சம். 1998-ல் வேறொரு குழு, இந்தியச் சாம்பல் எல்லாமே 75,000 ஆண்டு வெடிப்புதான் என்றது. 2011-ல் மறுபடி 8 லட்சம்! ஒரே சாம்பலுக்கு இத்தனை பிறந்தநாள்.

ஏன் இப்படி? பொட்டாசியம்-40 சிதைந்து ஆர்கான்-40 ஆகும். வெடிக்கும்போது பழைய ஆர்கான் வெளியேறிவிடுவதால் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சுத்தமான சானிடின் படிகம் கிடைத்தால் இந்தக் கணக்கு அழகாக வரும். மலேசியாவின் லெங்காங்கில் கிடைத்த படிகங்களை வைத்து 2012-ல் கடைசி வெடிப்புக்கு 73,880 ஆண்டு என்றார்கள். பிழை வரம்பு வெறும் 320 ஆண்டு! ஆனால் அவ்வளவு தூரம் பறந்து வந்த சாம்பலில் பெரும்பாலும் நுண்ணிய கண்ணாடித் துணுக்குகள்தான். அதுவும் ஆற்றில் புரண்டு கிடந்தது. பழைய தாதுத் துகள் கொஞ்சம் கலந்தாலே வயது எகிறிவிடும். டெஸ்ட் டேட்டாபேஸில் பழைய ரெக்கார்ட் ஒட்டிக்கிட்ட கதைதான்.

அதனால் சாம்பலோட வயதைக் கேட்பதை விட்டுவிட்டு, அது எந்த வெடிப்பின் பிள்ளை என்று கேட்டார்கள். எல்லா டோபா கண்ணாடியிலும் சிலிக்கா கிட்டத்தட்ட 77 சதவீதம். அதை வைத்துப் பிரிக்க முடியாது. பேரியம், ஸ்ட்ரான்ஷியம், யிட்ரியம் மாதிரி நுண்ணளவுத் தனிமங்கள்தான் காட்டிக்கொடுக்கும். 74,000 ஆண்டு வெடிப்பின் கண்ணாடி, இந்த அளவுகளில் நான்கு கூட்டமாகப் பிரிகிறது. 2014-ல் துணுக்கு துணுக்காக லேசரில் சுட்டு அளந்தார்கள். இந்தியச் சாம்பல்களில் அதே அடையாளம்! மொத்தமாக ஒரு பிடி எடுத்து அளந்தால் சராசரிதான் வரும், இந்த நான்கும் தெரியாது. எனக்கு இந்த ஆதாரம்தான் நம்பும்படி இருக்கு.

அப்போ கைக்கோடரி? சாம்பலுக்குக் கீழே இருப்பது 74,000 ஆண்டுக்கு முந்தியது, அவ்வளவுதான் இந்தச் சாம்பலால் சொல்ல முடியும். எவ்வளவு முந்தியது என்று அது சொல்லாது. சென்னை பக்கத்துல அத்திரம்பாக்கம் கைக்கோடரிகளுக்குச் சொல்லும் 15 லட்சம் இதில் மாட்டாது. அது காஸ்மிக் கதிர் முறையில் தனியாக வந்த தேதி.

பழைய எபிசோட் பக்கத்துல 14 லட்சத்தை அடிச்சு, கீழே இந்தத் திருத்தத்தைப் போட்டிருக்கேன். ஆடியோவை மாத்தல, அப்படியே விட்டிருக்கேன்.