மனு திரும்பிப் போன இடம்

மழை பொய்த்து விளைச்சல் கெட்டுப்போன ஒரு வருஷம். சென்னை மாகாணத்தில் ஓர் ஊர்க் குடியானவர்கள் தீர்வை கட்ட வழியில்லாமல் வருஷத் தீர்வைக் கணக்கை முடிக்கும் ஜமாபந்தியில் வஜா, அதாவது தள்ளுபடி, கேட்டார்கள். அவர்கள் கேட்டது தயவு அல்ல. நஷ்டம் வந்தால் தள்ளிக் கொடுப்பதாக 1837-இல் அன்றைய கலெக்டர் காலத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையைக் காட்டித்தான் கேட்டார்கள். வஜா கிடைக்கவில்லை, அப்படியானால் பட்டாவும் வேண்டாம் என்று மறுத்தார்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தாசில்தாரின் ஆட்கள் அவர்களை வெயிலில் குனியவைத்து முதுகில் கல்லேற்றினார்கள், சுடுமணலில் நிறுத்தினார்கள். எட்டு மணிக்கு மேல்தான் சோற்றுக்கு விட்டார்கள். பெண்களும் தப்பவில்லை. கலெக்டரிடம் மனு கொண்டுபோனார்கள். அவர் வாங்க மறுத்தார். செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் மனுவை வாங்கி, கலெக்டருக்கே அனுப்பிவைத்தது. செப்டம்பரில் நோட்டீஸ் வந்தது. இருபத்தைந்து நாள் கழித்து ஜப்தி, பிறகு ஏலம். 1855-இல் வெளியான சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையில் இருக்கும் வாக்குமூலம் இது.

இந்த வாக்குமூலத்தைப் படிக்கிறவர்களின் கண் கல்லிலும் சுடுமணலிலும் நின்றுவிடுகிறது. நிற்பது இயல்புதான். ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். வரிப் பாக்கியை எதிர்த்து ஒரு குடிமகன் செய்யக்கூடியது அத்தனையையும் இவர்கள் செய்திருக்கிறார்கள். தள்ளுபடி கேட்டார்கள், ஒப்பந்தத்தைக் காட்டினார்கள், பட்டாவை மறுத்தார்கள், மேலதிகாரியிடம் முறையிட்டார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். கதவுகள் எல்லாம் இருந்தன. எல்லாக் கதவுகளும் ஒரே அறைக்குள் திறந்தன. வரி வசூலை எதிர்க்கும் உரிமை சட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடுவதில் பெரிய பயன் இல்லை. மனு கடைசியில் யார் மேஜையில் போய் விழுகிறது என்பதில்தான் அந்த உரிமையின் உயிர் இருக்கிறது என்பது என் கட்சி. அதைச் சென்னை மாகாணத்தின் இந்த அறிக்கையைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

அறிக்கை பிறந்த கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். சென்னைச் சுதேசி சங்கத்தை 1852-இல் தொடங்கிய காஜுலு லட்சுமிநரசு செட்டி, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் டேன்பி சீமோரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று வரித் தண்டலின் லட்சணத்தைக் காட்டினார். 1854 ஜூலையில் லண்டன் மக்கள் சபையில் பேச்சு எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட குழு அமைந்தது. நேரிலும் கடிதத்திலுமாக 1,900-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்து குவிந்தன. கழுத்தையும் கால் விரலையும் ஒரே கயிற்றால் பிணைத்து ஆளை வில்லாக வளைத்து நிறுத்துவது அண்ணாந்தாள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து, எலுமிச்சை பிழிவதுபோல் நெருக்குவது கிட்டி. இவை எங்கோ ஓரிரு தாலுகாவில் நடந்த விபரீதங்களாக இல்லை. ஒன்றையொன்று அறியாத மாவட்டங்களிலிருந்து அதே பெயரோடு, அதே முறையோடு வந்தன. தாசில்தார்மேல் பழி போட ஊரார் கட்டிய பொய்கள் இவை என்றால், இத்தனை தொலைவிலிருக்கும் ஊர்கள் ஒரே பொய்யை எப்படிப் பேசிவைத்துக்கொண்டு கட்டியிருக்கும் என்பதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் எண், அது பூஜ்யம். அதிகாரிகளின் அடாவடி வசூலைத் தண்டிக்க 1822-லும் 1828-லும் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு இரண்டு ஒழுங்குவிதிகளைப் போட்டிருந்தது. அவற்றின்கீழ் குடிகள் கொண்டுவந்த புகார் என்று ஒன்றுகூடத் தங்கள் கவனத்துக்கு வரவில்லை என்று குழுவே எழுதுகிறது. முப்பது வருஷத்தில் ஒன்றுமில்லை. சில மாதத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம். மக்களுக்கு முறையிடத் தெரியவில்லை என்றோ, துணிவில்லை என்றோ, அடிபடுவது அவர்களுக்குப் பழகிவிட்டது என்றோ இனிச் சொல்ல முடியாது. பழைய வழியில் புகார் கொடுப்பவர் முதலில் கலெக்டரின் ஊர்வரை நடக்க வேண்டும். எழுத்து மனுவாக அனுப்பினால் அது மேற்குறிப்போடு விசாரணைக்காகத் தாசில்தாருக்கே இறங்கிவரும். தாசில்தார்தான் தண்டல்காரர், தாலுகா போலீசுக்கும் அவர்தான் தலைவர். குற்றம் நிரூபணமானாலும் மாஜிஸ்திரேட் விதிக்க முடிந்தது ஐம்பது ரூபாய் அபராதம் அல்லது ஒரு மாதச் சிறை. பணம் பிடுங்கிய அதிகாரியை முதலில் உதவிக் கலெக்டர் விசாரிப்பார்; அப்பீல் கலெக்டரிடம்; அதற்குமேல் ரெவின்யூ போர்டு. எல்லாம் ஒரே வீட்டுப் படிக்கட்டு. புதிய குழு செய்த ஒரே மாற்றம், மனுவைப் பிரித்துப் படிக்கிறவர் தீர்வை வசூலிப்பவராக இல்லாமல் பார்த்துக்கொண்டதுதான். சித்திரவதை நடந்தது என்பதைவிட, பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைப்பது இவ்வளவு கடினம் என்பதே தங்களை அதிகம் வருத்தியதாகக் குழுவினரும் ஒப்புக்கொண்டார்கள். 1857-இல் நியூயார்க் டெய்லி டிரிபியூனில் இந்த அறிக்கையைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸும் இந்த இடத்தைத் தவறவிடவில்லை.

இது கம்பெனிக்குத் தெரியாமல் நேர்ந்த பிழையும் அல்ல. வங்காளத்தில் 1793-இல் காரன்வாலிஸ், கலெக்டர்களின் கையிலிருந்த வருவாய் நீதிமன்றங்களைக் கலைத்து வழக்குகளைச் சிவில் கோர்ட்டுக்கு மாற்றினார். தன் செயலுக்குத் தானே நீதிபதியாக ஒருவர் இருக்கக்கூடாது என்பதே காரணம். சென்னைக்கும் 1802-இல் அந்த ஏற்பாடு வந்தது. தாமஸ் மன்றோவின் சீர்திருத்தம் 1816-இல் அதைத் திருப்பிப்போட்டது. மாஜிஸ்திரேட் அதிகாரம் கலெக்டரிடம் வந்தது. போலீஸ், தாசில்தாரிடமும் கிராமத் தலைவர்களிடமும் போனது. மன்றோவின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஜில்லா கோர்ட் தூரத்தில் இருக்கிறது, வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கிறது, அங்கே உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேய நீதிபதிக்குப் புஞ்சைக்கும் நஞ்சைக்கும் வித்தியாசம் தெரியாது. முகாம் போட்டுக் கிராமம் கிராமமாகச் சுற்றுகிற கலெக்டர்தான் குடியானவன் எட்டிப்பிடிக்கக்கூடிய ஒரே அதிகாரி என்றார் அவர். அவர் கண்ட நோய் உண்மைதான். ஆனால் நீதியைப் பக்கத்தில் கொண்டுவந்த கையோடு அதை வசூலிப்பவரின் பைக்குள் போட்டுவிட்டார். கலெக்டர் சுற்றி வந்தார். கூடவே தாசில்தாரும் வந்தார். கூடாரத்துக்கு வெளியே நிற்கிற குடியானவன் உள்ளே யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தானே செய்வான்?

குழுவின் சொந்தத் தீர்ப்பு இன்னொன்று: கொடுமை சுதேச அதிகாரிகளின் பரம்பரைப் பழக்கம், ஐரோப்பியர் அதற்கு உடந்தை அல்ல, மக்களுக்கே அது தெரியும். அண்ணாந்தாளும் கிட்டியும் கம்பெனி கப்பலில் வந்து இறங்கியவை அல்ல என்பது சரி. பாக்கிக்குக் காணியைப் பறிப்பதும் இங்கே பழையதுதான். வரி கட்டாதவர் நிலத்தை ஊராரே விற்றுக்கொள்ள ராஜராஜன் இட்ட ஆணை உக்கல் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் கிட்டியைக் கண்டுபிடித்தது யார் என்பது கேள்வி அல்ல. மேற்குறிப்பு எழுதி மனுவைத் தாசில்தாருக்குத் திருப்பியவர் கலெக்டர். மாதாமாதம் கிஸ்தி குறையாமல் வரவேண்டும் என்று தாசில்தாரை நெருக்கியதும் அவர்தான். ஜப்திக்குச் சட்டம் இருந்தபோதும் ஜப்தி ஏன் கடைசியில் வந்தது என்பதையும் இங்கே யோசிக்க வேண்டும். ஜப்தி செய்தால் நோட்டீஸ், பட்டியல், ஏலம், கணக்கு என்று காகிதம் சேரும். காகிதம் சேர்ந்தால் எவனாவது எதிர்த்துக் கேட்கலாம். முதுகில் ஏற்றிய கல்லுக்கு ரசீது கிடையாது.

பிறகு வந்த மாற்றங்கள் இதை ஓரளவு ஒப்புக்கொண்டவை. 1859-ஆம் வருஷத்து 24-ஆவது சட்டம் சென்னைப் போலீசை ரெவின்யூவிலிருந்து பிரித்தது. 1860-இன் தண்டனைச் சட்டம் 330-ஆவது பிரிவில், பாக்கித் தீர்வைக்காக ஒருவரைச் சித்திரவதை செய்யும் ரெவின்யூ அதிகாரியையே குற்றத்துக்கு உதாரணமாக எழுதிவைத்தது. 1864-இன் வருவாய் வசூல் சட்டம் ஜப்திக்கு எல்லை போட்டது: பொழுது விடிந்த பிறகு, பொழுது சாயும் முன், மாட்டுத் தொழுவத்தையும் களஞ்சியத்தையும் உடைக்கலாம், பெண்கள் புழங்கும் அறைக்குள் நினைத்தபடி நுழையக்கூடாது. நிலம் ஏலம் போனால், முறைகேடோ மோசடியோ நடந்திருப்பதாகச் சொல்லி முப்பது நாளுக்குள் ரத்து கேட்கலாம். 59-ஆவது பிரிவு சிவில் கோர்ட்டின் கதவைத் திறந்து ஆறு மாதக் கெடு வைத்தது. அதற்கு ஒரு வரி முன்னால், 58-ஆவது பிரிவு, தீர்வை எவ்வளவு என்ற கேள்வியைக் கோர்ட் தொடவே கூடாது என்றது. பிடித்த விதத்தை எதிர்க்கலாம்; பிடித்த தொகையை எதிர்க்க முடியாது.

ஒவ்வொரு பாக்கிதாரரும் வசூலை நிறுத்திவைக்க முடிந்தால் கஜானா என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; அதற்குப் பின்னாளில் சட்டம் கண்ட வழி, ஒரு பகுதியைக் கட்டு, மீதியை வாதாடு என்பது. 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின்கீழ் அப்பீல் நிலுவையில் இருக்கும்போது, தகராறில் உள்ள தொகையில் 20 சதவீதத்தைக் கட்டினால் பொதுவாக மீதி வசூலை நிறுத்திவைக்கலாம் என்று 2017-இல் நேரடி வரிகள் வாரியம் சொன்னது. கஜானா அதனால் கவிழவில்லை. ஆனால் அந்த நிறுத்திவைப்பை அந்தச் சட்டத்தின் 220(6)-ஆம் பிரிவின்படி முதலில் கேட்க வேண்டியிருந்தது யாரிடம் என்று பார்த்தால், வரியை விதித்த அதே அதிகாரியிடம். அவர் மறுத்தால் அவருடைய மேலதிகாரியிடம்.