ஏட்டில் ஏறிய ஏழ்மை

வடசென்னையின் உடல்நலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் புகைபோக்கிகளையும் எண்ணெய்க் கசிவையும் சொல்கிறோம். நோயுற்றவர் யார் என்று கேட்பதில்லை. இராயபுரத்துச் சுமைதூக்கியும், எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்ணும், திருவொற்றியூர்ப் பட்டறையில் உழைக்கும் வெளிமாநில இளைஞனும் 'பொதுமக்கள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். மருத்துவ ஆய்வில் பங்கேற்பவரின் தொழில், வருவாய், வீடு, மொழி ஆகியவற்றை ஏன் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இந்நகரின் வரலாற்றிலேயே விடை உண்டு.

1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இதில் இணைந்திருந்தன. ஓய்வு, நல்ல உணவு, காற்றோட்டம் ஆகிய மூன்றும் இன்றிக் காசம் தீராது என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. நகரத்தின் ஏழை நோயாளிகளில் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைக் காசநோய் மருத்துவமனையிலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைக் கொடுத்தனர்.

அங்கே எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் மட்டும் பதிவாகவில்லை. வருவாய் எவ்வளவு, வீட்டில் இடம் எவ்வளவு, என்ன உண்டார், எவ்வளவு உழைத்தார் என்பனவும் ஏட்டில் ஏறின. வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டனர், கூடுதலாக உழைத்தனர், மருத்துவமனையில் இருந்தோரின் எடையே அதிகம் கூடியது. ஆயினும் நோய் தணிந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. உடன் வாழ்ந்தோருக்கும் அதனால் கூடுதல் தொற்று ஏற்படவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டை நோக்கித் திருப்பியது. வறுமையை எழுதி வைத்திராவிட்டால், வறியவர்க்கும் இம்மருந்து பலிக்கும் என்று எவரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

2003இல் எவன்ஸ், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் வசிப்பிடம், இனமும் மொழியும், தொழில், பாலினம், சமயம், கல்வி, பொருளாதார நிலை, சமூக உறவு ஆகிய எட்டையும் கவனிக்க வேண்டியவையாகத் தொகுத்தனர். அவற்றுள் சிலவற்றை நம் நகரம் அரை நூற்றாண்டுக்கு முன்பே குறித்து வைத்திருந்தது.

2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்தது. இத்தகைய இடத்தில் வயதையும் பாலினத்தையும் மட்டும் கேட்கும் ஆய்வு, சேற்றில் நாளெல்லாம் நிற்பவரையும் மாடியில் இருப்பவரையும் ஒரே சராசரியில் கரைத்துவிடும்.

கேட்பதற்கும் முறை உண்டு. சாதியையும் கூலியையும் எதற்காகக் கேட்கிறோம் என்று அவரவர் மொழியில் விளக்க வேண்டும். சொல்ல மறுப்பவரை மதிக்க வேண்டும். கிடைத்த முடிவை அவர்களிடமே கொண்டுபோய்ச் சொல்லவும் வேண்டும்.