ஒப்புதல் வாக்குமூலமும் ஒரு நடிகரின் பொய்களும்

ஒரு நடிகர் சொன்ன பொய்களைப் பட்டியல் போட்டு அவரை மாட்டிவிடுவது துப்பறியும் வேலை. அந்தப் பொய் ஏன் அந்த வடிவத்தில் சொல்லப்பட்டது, வேறு எப்படியும் ஏன் சொல்லப்பட முடியவில்லை என்று கேட்டால்தான் அது வரலாறாகும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் நாயக நடிகர் ரேமண்ட் பர் பற்றி எழுதுகிறவர்களில் பலர் முதல் வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

1917இல் கனடாவின் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் பிறந்தவர் பர். ஏறக்குறைய நாற்பது வயதுவரை ஹாலிவுட்டில் வில்லன்தான். பெருத்த உடம்பு, கனத்த குரல். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'வில் (1954) பெண்டாட்டியைக் கொன்ற எதிர்வீட்டு ஆசாமி இவரே. 1957 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'பெர்ரி மேசன்' தொடங்கியது. எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் நாவல்களிலிருந்து வந்த வக்கீல் பாத்திரம். பர் போனது அரசு வழக்கறிஞர் வேடத்துக்கு. உடம்பைக் குறைத்தால் நாயக வேடத்துக்கும் பார்க்கலாம் என்றார்கள். குறைத்தார். 1966 வரை 271 அத்தியாயங்கள், இரண்டு எம்மி விருதுகள்.

தொடரின் கட்டுமானம் மாறவே மாறாது. நிரபராதி ஒருவர் குற்றவாளிக் கூண்டில். மேசன் கேள்விமேல் கேள்வியாக அடுக்க, கடைசியில் சாட்சியோ பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாரோ உடைந்துபோய் 'நான்தான்' என்று கதறுவார். பாவமன்னிப்புக் கூண்டிலிருந்து மருத்துவர் அறைக்கும் நீதிமன்றத்துக்கும் பரவிய ஒப்புதல் என்னும் அதிகாரத் தொழில்நுட்பம் பற்றி ஃபூக்கோ 'பாலியல்பின் வரலாறு' முதல் தொகுதியில் (1976) எழுதினார். அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே இந்தச் சடங்கு விளம்பர இடைவேளைகளோடு வாராவாரம் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. நடத்தியவரோ தன் வாழ்க்கையைப் பற்றி ஒருநாளும் ஒப்புதல் தராதவர்.

விளம்பரத் துறை பரப்பிய அவருடைய வாழ்க்கைக் கதை இப்படிப் போகும். முதல் மனைவி ஸ்காட்லாந்து நடிகை. நடிகர் லெஸ்லி ஹோவர்ட் போன விமானத்தை 1943இல் ஜெர்மானியர் சுட்டு வீழ்த்தினார்களே, அதில் அவரும் இறந்தார். அவர்களுக்குப் பிறந்த மகன் மைக்கேல் பத்து வயதில், 1953இல், ரத்தப் புற்றுநோயில் போனான். மூன்றாவது மனைவி 1955இல் புற்றுநோயில் இறந்தார். விமானப் பயணிகள் பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. மகனும் மூன்றாவது மனைவியும் இருந்ததற்கு ஒரு தடயமும் கிடையாது.

எல்லாரும் ஏன் இறந்தவர்களாகவே இருக்க வேண்டும்? உயிரோடு ஒரு மனைவியைக் கற்பித்தால் விருந்துக்கு அழைத்துவர வேண்டியிருக்கும், புகைப்படம் கேட்பார்கள். இறந்தவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதைவிட முக்கியம், துக்கத்தின் முன் நிருபர் பேனாவை மூடிவிடுவார். 'ஏன் மறுமணம் செய்யவில்லை' என்கிற கேள்விக்கு அன்றைய சமூகம் மரியாதையோடு ஏற்கக்கூடிய ஒரே பதில் ஆறாத துக்கம். குடும்பம் என்னும் நிறுவனத்துக்கு வெளியே வாழ்ந்த ஒருவர் அந்த நிறுவனத்தின் ஒப்பாரியையே கேடயமாக்கிக்கொண்டார்.

எதிரே நின்றது சாதாரண வம்பு அல்ல. 1953 ஏப்ரலில் ஐசனோவர் பிறப்பித்த 10450ஆம் எண் ஆணை 'பாலியல் பிறழ்வு' என்று சொல்லி அரசு வேலையிலிருந்து ஆட்களை விரட்ட வழிசெய்தது. நட்சத்திரங்களின் படுக்கையறையைத் தோண்டி விற்க 1952லேயே 'கான்ஃபிடென்ஷியல்' பத்திரிகை வந்துவிட்டது. தன்பால் உறவு கலிஃபோர்னியாவில் 1976 வரை சட்டப்படி குற்றம்.

இதோடு ஒப்பந்தத்தில் 'ஒழுக்க விதி' வேறு. அது எப்படிக் கடிக்கும் என்று பர் தன் படப்பிடிப்புத் தளத்திலேயே பார்த்தார். மேசனிடம் வாராவாரம் தோற்கும் அரசு வழக்கறிஞராக நடித்த வில்லியம் டால்மன், 1960 மார்ச்சில் ஒரு வீட்டு விருந்தில் போலீஸ் புகுந்தபோது கைதானார். கஞ்சா, நிர்வாணம் என்று வழக்கு. சிபிஎஸ் உடனே வேலையை விட்டுத் தூக்கியது. ஜூனில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்த பிறகும் நிறுவனம் மசியவில்லை. பர்ரும் மற்றவர்களும் அவருக்காக வாதாடி, வருஷக் கடைசியில்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதி என்பதை வாராவாரம் விற்றுக் காசு பார்த்த கம்பெனி இது!

அதே காலத்தில்தான், அந்தத் தொடரின் தளத்திலேயே, ராபர்ட் பெனவிடிஸ் என்ற இளம் நடிகரைச் சந்தித்தார். முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஃபிஜியில் ஒரு தீவை வாங்கினார்கள், ஆர்க்கிட் செடிகளை வளர்த்துப் புதுக் கலப்பினங்கள் உண்டாக்கினார்கள், கலிஃபோர்னியாவின் சொனோமா மாவட்டத்தில் திராட்சைத் தோட்டம் போட்டார்கள். உடன் நடித்தவர்களுக்குத் தெரியும்; பேசவில்லை. இந்த மௌனத்தை நட்பு என்பதா, தொழில் எச்சரிக்கை என்பதா? இரண்டும் கலந்ததுதான்.

அவரைத் தியாகியாக்கும் உத்தேசம் எனக்கில்லை. 1948இல் பர் நிஜமாகவே ஒரு பெண்ணை மணந்தார். சில மாதங்களில் பிரிவு, 1952இல் விவாகரத்து. அந்த உயிருள்ள பெண் இரண்டு கற்பனைப் பிணங்களுக்கு நடுவே ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போனார். ஆண் தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டும் கதைகளில் பெண் எப்போதும் சாகத்தான் வேண்டுமா என்று பெண்ணியர்கள் கேட்டால் பர்ருக்காகச் சொல்ல என்னிடம் பதிலில்லை. இன்னொன்று, 1991இல், பணமும் புகழும் குவிந்த பிறகும், சாகப்போகும் மகனை ஒரு வருஷம் நாடு முழுக்கச் சுற்றிக்காட்டியதாக ஒரு பேட்டியில் உருகினார். அவர் சொன்ன வருஷத்தில் ஹாலிவுட்டில் ஓய்வில்லாமல் நடித்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. வேலைக்காகச் சொன்ன பொய் அந்த வயதில் என்னத்துக்கு? உலகத்தின் பல மூலைகளில் நிஜமான பல குழந்தைகளின் செலவை ஏற்றுப் பணம் அனுப்பியவரும் இதே ஆள். இல்லாத மகன் அவருக்குள் ஏதோ ஓரிடத்தில் இருந்துவிட்டான் போலும்.

1993 செப்டம்பர் 12ஆம் தேதி, 76 வயதில், புற்றுநோயில் இறந்தார். இரங்கல் செய்திகள் அந்த இறந்த மனைவிகளையும் மகனையும் ஒருமுறை கூட அச்சேற்றின. 2008இல் மைக்கேல் ஸ்டார் எழுதிய வாழ்க்கை வரலாறு எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டது. பயனுள்ள புத்தகம்தான். ஆனால் அதன் தொனியில் பெர்ரி மேசனே குறுக்கு விசாரணைக்கு எழுந்து நிற்கிறார். ஒப்புதல் தராத பிணத்திடமிருந்து ஒப்புதல் பிடுங்கப்படுகிறது.

பர் எழுதிவைத்த ஒரே ஒப்புதல் அவருடைய உயில். தங்கை, அண்ணன் தம்பி பிள்ளைகள் யாருக்கும் எதுவுமில்லை. சொத்து முழுக்கப் பெனவிடிஸ் பேருக்கு. இறந்துபோன சகோதரனின் பிள்ளைகள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். திருமணம் என்ற சொல் இவர்களுக்கு மறுக்கப்பட்ட காலத்தில், முப்பது வருஷக் கூட்டு வாழ்வைச் சட்டத்தின் முன் வைக்க அந்தக் காகிதம் ஒன்றுதான் இருந்தது. தோட்டத்துக்குத் தன் பேர் வைக்கக்கூடாது என்று பர் சொல்லியிருந்தாராம். பெனவிடிஸ் கேட்கவில்லை, அங்கே வடித்த ஒயின் புட்டிகளில் ரேமண்ட் பர் என்றே அச்சடித்தார்.