உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு குடும்பம்

பேச்சிப்பாறைக்குத் தெற்கே, தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் அமைந்த உதயகிரிக் கோட்டை, திருவிதாங்கூரின் படைத்தளமாக மட்டுமன்றி, அயல்நாட்டு வீரர் வேரூன்றிய வாழ்விடமாகவும் விளங்கியது. 1741இல் குளச்சல் போரில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், தோற்றபின் சிறைப்பட்ட அவர்களின் படை அதிகாரி டி லனாய், மன்னர் மார்த்தாண்ட வர்மரின் நம்பிக்கையைப் பெற்று, படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளித்து, ‘வலிய கப்பித்தான்’ எனப்படும் பெருந்தளபதியாக உயர்ந்தார். கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலைக்களமும், கத்தோலிக்கரான அவர் வழிபடுவதற்குரிய தேவாலயமும் இருந்தன.

1777இல் மறைந்த அவருக்கு அத்தேவாலயத்தில் அமைந்த கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. மனைவி மார்கரீத்தாவும் போரில் உயிரிழந்த மகனும் அதே ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டனர். இதுபோன்ற படைவீரர் குடும்பங்களை இன்று இராணுவக் குடியிருப்புகளில் பள்ளியும் மருத்துவமனையும் நல அமைப்புகளும் தாங்குகின்றன. அத்தகைய ஏற்பாடுகள் உருவாகாத அக்காலத்தில், அரச ஆதரவும் வழிபாட்டு உரிமையுமே அந்நியரை இம்மண்ணின் குடிகளாக்கின என்பதற்கு இக்கல்லறைகள் உறுதியான சான்றாகும்.